ஜீப் திரும்பி வந்தால்

கம்பம் ஜீப் ஸ்டாண்டில் நதியாவுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. மலைமேல் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் போனிலேயே ஜீப்பில் இடம் பிடிக்க அவள் எழுதிக் கொடுத்த இணையப் பக்கம், போன மழைக்காலத்தில் இரண்டு தடவை வெறும் வெள்ளைத் திரையாகிப் பல்லை இளித்துவிட்டது. இன்னொரு தடவை அப்படி ஆனால் பழையபடி நோட்டில் பெயர் எழுதுவதுதான் என்று ஜீப் ஓட்டுநர் சங்கத் தலைவர் சுருளிவேல் கறாராகச் சொல்லிவிட்டார்.

அவள் மொத்தத்தையும் எல்ம் என்ற கணினி மொழியில் புதிதாக எழுத உட்கார்ந்தாள். கணிதச் சார்புகளைக் கோத்தே எழுதும் ஃபங்ஷனல் வகை, மகா பிடிவாதம் பிடித்த மொழி. ஒரு ஜீப்புக்கு என்னென்ன நேரலாம் என்று முதலிலேயே பட்டியல் கேட்கும். அதில் ஒன்றுக்குப் பதில் எழுதாமல் விட்டாலும் பக்கத்தையே உருவாக்கித் தராது. ஓட்டுநர்களைக் கேட்டு நான்கு நிலைகள் எழுதினாள்: நிற்கிறது, நிறைந்தது, கிளம்பியது, சேர்ந்தது.

திரை வெளுத்த அந்த இரண்டு நாட்களையும் தோண்டிப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. இரண்டு நாளும் பாதி மலையிலிருந்து ஜீப் திரும்பியிருக்கிறது; அப்படியொரு நிலை பழைய பக்கத்துக்குத் தெரியாததால் திரை வெளுத்திருக்கிறது. ஒருத்தர்கூட அவளிடம் மூச்சு விடவில்லை. எப்படி விடுவார்கள்? வண்டி கிளம்புமுன் அந்தப் பேச்சை எடுப்பது அபசகுனமாயிற்றே!

"ஏ ஆத்தா, எலுமிச்சம்பழம் வச்சு எடுக்குற வண்டிய, திரும்பி வரும்னு எழுதுவியா?" என்று பாய்ந்தார் சுருளிவேல்.

"எழுதாததுனால அன்னைக்குத் திரும்பாம இருந்துச்சாண்ணே?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, ஐந்தாவதாக 'திரும்பியது' என்று சேர்த்தாள். அவ்வளவுதான், எழுதியதைச் சரிபார்க்கும் கம்பைலர் பிடித்துக்கொண்டது. இங்கே பதில் இல்லை, அங்கே பதில் இல்லை என்று பதினொரு இடங்களைக் காட்டியது. அவளுக்கு அழுகையே வந்தது. ஆனாலும் ஒன்றைக்கூட விடாமல் எழுதி முடித்தாள்.

ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, கம்பம்மெட்டுச் சாலையில் மரம் விழுந்தது. முன்னால் போன ஜீப்பின் ஓட்டுநர் 'திரும்பியது' பொத்தானை அழுத்தினார். ஸ்டாண்டில் நின்ற நதியா சட்டென்று போனை எடுத்துப் பார்த்தாள்.

திரை வெளுக்கவில்லை. குமுளி வழியாகப் போகச் சொல்லி எல்லா ஜீப்புக்கும் சிவப்பில் செய்தி போனது. காத்திருந்த பெண்களுக்குப் புது நேரம் வந்தது. சுற்று வழிதான். ஆனால் பதினான்கு ஜீப்பும் தோட்டம் சேர்ந்தன, ஒரு பெண்ணும் வேலையில்லாமல் வீடு திரும்பவில்லை. ஜெயித்துவிட்டாள்! நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் துள்ளிக் குதித்தாள்.

மறுநாள் சுருளிவேல் நான்கு ஓட்டுநர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"செக்போஸ்ட்ல மறிச்சுட்டாகன்னா? அதையும் சேரு. பிரேக் சூடேறி வண்டி நின்டுச்சுன்னா? டயரு வெடிச்சா?"

கூட வந்தவர்களும் ஆளுக்கொரு ஆபத்தை அவிழ்த்துவிட்டார்கள். நதியா சிரித்துக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தாள்.

"மெதுவாச் சொல்லுங்கண்ணே. ஒண்ணையும் விட்றாதீக."