வாசலில் கொடுக்கும் தண்ணீர்

மலை ஏறினால் மனசு லேசாகும் என்று அவளிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். சொன்னவர் ஏறியிருக்க மாட்டார். பாதி வழியிலேயே அவளுக்கு மனசு இருக்கிற இடம் தெரியவில்லை. கால் இருக்கிற இடம் மட்டும் நன்றாகத் தெரிந்தது.

அவள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை பார்ப்பவள். விடிய விடிய ஈரமான படுக்கைவிரிப்புகளை இயந்திரத்திலிருந்து இழுத்துப் போட்டுவிட்டு, ஊர் விழிக்கும்போது தூங்கப் போகிறவள். நேற்று ராத்திரி விடுமுறைதான், ஆனாலும் பழக்கதோஷம், பொட்டுத் தூக்கம் வரவில்லை. இப்போது வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் கண்ணைச் சுழற்றியது. அவள் புருஷன் லிப்ட் மெக்கானிக், பகல் வேலை. ஊரில் ஒருத்தரும் படியேறக் கூடாதென்று பாடுபடுகிற மனுஷன், இன்றைக்கு என்னவோ மலையே தன் பாட்டன் சொத்து என்பதுபோல முன்னால் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தான். திரும்பிப் பார்ப்பேனா என்றான்.

மலைக்குப் போகலாம் என்று சொன்னதே அவள்தான். யாரைத் திட்டுவது? போன வாரம் சலவைக்கூடத்து மேற்பார்வையாளர் அக்கா அவளைக் கூப்பிட்டு, பகல் வேலையில் ஓர் இடம் காலியாகிறது, வேண்டுமா வேண்டாமா என்று திங்கட்கிழமை சொல்லிவிடு என்றிருந்தாள். வேறு யாராவது என்றால் துள்ளிக் குதித்திருப்பார்கள். இவள் யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து இவள் உள்ளே வரும்போது அவன் வெளியே போவான். அவன் உள்ளே வரும்போது இவள் கிளம்பிவிடுவாள். சண்டை போடக்கூட நேரம் வாய்த்ததில்லை. இதற்கு முன் இருவருக்கும் சேர்ந்தாற்போல விடுமுறை கிடைத்த ஒரே நாள், ஃபேனை எந்த வேகத்தில் வைப்பது என்பதில் தொடங்கிய சண்டை அவளுடைய அம்மா வீடு வரைக்கும் போய் நின்றது. பகலுக்கு மாறினால் தினமும் அதே கூத்துதானே?

அவனிடம் இன்னும் மூச்சு விடவில்லை. ஒரு நாள் முழுக்க முகம் சுளிக்காமல் அவனோடு இருந்து பார்ப்போம். முடிந்தால் பகல் வேலை, முடியாவிட்டால் வாயைத் திறக்க வேண்டாம். இதுதான் அவள் போட்டிருந்த கணக்கு.

ஒரு பாறை நிழலில் அவன் நின்றான். அவளும் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்து, உட்கார்ந்து, தண்ணீர் கேட்டாள். அவன் பையைத் திறந்தான். பாட்டில்கள் இரண்டும் இருந்தன. இரண்டும் காலி.

"நீ பிடிக்கலையா?"

"நீங்க பிடிக்கலையா?"

அவர்கள் வீட்டு வழக்கம் அப்படி. தன் பாட்டிலில் தானே தண்ணீர் பிடித்துக்கொண்டு யாரும் கிளம்பியதில்லை. உள்ளே வருகிறவர் செருப்பைக் கழற்றியதும் வெளியே போகிறவருடைய பாட்டிலை நிரப்பி, வாசலில் நின்று கையில் கொடுக்க வேண்டும். "பார்த்துப் போயிட்டு வா" என்பான் அவன். "பார்த்துப் போயிட்டு வாங்க" என்பாள் அவள். ஒரு நாளில் அவர்கள் புருஷன் பெண்டாட்டியாக இருந்தது அந்த நேரம்தான். இன்றைக்கு இரண்டு பேருமே வெளியே போகிறவர்கள். உள்ளே வர ஆளில்லை.

பை அவ்வளவு லேசாக இருந்ததே, தெரியவில்லையா என்று கேட்டாள். தன் உடம்பில் நல்ல தெம்பு இருப்பதாக நினைத்துக்கொண்டானாம். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பாள். இப்போது பொத்துக்கொண்டு வந்தது கோபம். அவனும் விடவில்லை. மலையே வேண்டாமென்று தான் அன்றைக்கே சொன்னதாகச் சொன்னான். சொல்லவில்லை என்றாள். பேச்சு எங்கெங்கோ சுற்றி, கடைசியில் ஃபேன் மறுபடியும் தலைகாட்டியது. உச்சி இதோ கூப்பிடு தூரத்தில் இருந்தது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. முடிந்தது கதை, இரவு வேலையே போதும் என்று மனசுக்குள் தீர்த்துக்கொண்டு, எழுந்து, கீழே இறங்கத் தொடங்கினாள்.

கொஞ்ச நேரம் பின்னால் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அவன் குரல்.

"நில்லு. வலது கால இழுத்து இழுத்து நடக்கற."

அவள் நின்றாள்.

"எப்பலேருந்து?"

"ரொம்ப நாளாச்சு. ஈரத் தரையில நின்னு நின்னு."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"எப்ப சொல்றது?"

வாசலில் நிற்கிற பெண்டாட்டியைத்தான் அவனுக்குத் தெரியும். நடக்கிறவளை இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

அதற்குப் பிறகு அவன் முன்னால் போகவில்லை. ஏற்றத்தைவிட இறக்கம் மோசம். ஒவ்வொரு கல்லிலும் முழங்கால் உயிரை வாங்கியது. தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். பிடித்துக்கொண்டாள். அவன் மேலிருந்த எரிச்சல் போய்விடவில்லை, எரிச்சல்படத்தான் தெம்பில்லை. இருவர் வாயிலும் பேசுவதற்கு எச்சில்கூட இல்லை.

அடிவாரத்தில், வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் ஒரு குழாய் இருந்தது. அவளை ஒரு திட்டில் உட்கார வைத்துவிட்டு அவன் ஓடினான். அவனுக்கும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது. ஆனால் ஒரு வாய்கூடக் குடிக்காமல் அவள் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்து கையில் கொடுத்தான். கொடுத்ததோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"பார்த்துப் போயிட்டு வா."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். முகமெல்லாம் புழுதி, சட்டையெல்லாம் வேர்வை. தினமும் வாசலில் இதே முகம்தான். இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"எங்க போறது? நீங்களும்தானே வரீங்க."

அவள் குடிக்கவில்லை. எழுந்து, காலை இழுத்துக்கொண்டே குழாயடிக்குப் போய், அவன் பாட்டிலை நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகுதான் இருவரும் மூச்சு விடாமல் குடித்தார்கள்.

"பகல் வேலைக்கு வரியான்னு கேட்டிருக்காங்க," என்றாள் அவள். "திங்கக்கிழமை சரின்னு சொல்லப் போறேன்."

அவன் வாயைத் துடைத்துக்கொண்டான். பாட்டில் மூடியை மெதுவாகத் திருகினான்.

"ஃபேன் உன் இஷ்டம்," என்றான்.