அத்தை பேசிய ஆண்பால்

தெருவில் அவளுக்கு ரேடியோ அம்மா என்று பெயர். வாய் ஓயாது. அப்பேர்ப்பட்டவளுக்கு வாய்த்த மருமகளோ வேற்று மொழிக்காரி. தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. மகனும் மருமகளும் ஆபீஸில் பேசிப் பழகிய ஆங்கிலத்திலேயே குடித்தனம் நடத்தினார்கள். நடுவில் நின்று இரண்டு பக்கமும் எடுத்துச் சொல்ல வேண்டிய மகன், "அப்புறம் சொல்றேம்மா" என்று செல்போனைத் தடவிக்கொண்டிருப்பான். மருமகளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். பிள்ளை பிறப்பதற்குள் அவள் மொழியிலேயே அவளோடு பேசிவிடுவது என்று ரேடியோ அம்மா கங்கணம் கட்டிக்கொண்டாள்.

மருமகள் வேலைக்குப் போனதும் டிவியைப் போட்டுவிடுவாள். மருமகள் ஊர்த் தொடர்தான் ஓடும். துணி மடித்தபடியே அதில் பேசுவதைத் திருப்பித் திருப்பிச் சொல்வாள். முதலில் வந்து ஒட்டியதெல்லாம் வசவுதான். தொடரில் வரும் மாமியார் வாயைத் திறந்தால் விஷம். 'துரோகி', 'உன் நாடகம் என்னிடம் பலிக்காது' எல்லாம் அத்துப்படி ஆகிவிட்டன. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணிடம் போய் இதையா பேசுவது? குடும்பம் விளங்கினாற்போலத்தான். அன்பாக நாலு வார்த்தை பேசுகிறவன் அதில் கதாநாயகன் ஒருவன்தான். சரி, நீதான்டா எனக்கு வாத்தியார் என்று அவன் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். தினமும் மருமகள் வீடு திரும்பும்போது ஒரு வாக்கியம் நாக்கு நுனிவரை வரும். வெட்கம் பிடுங்கித் தின்ன, அப்படியே விழுங்கிவிடுவாள்.

அதற்குள் வலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மருமகள் ஆங்கிலத்தை அடியோடு மறந்து தாய்மொழியில் அலறினாள். நர்ஸ் விழித்தாள். கட்டின புருஷன் அதைவிட விழித்தான். ரேடியோ அம்மாவுக்கோ ஒவ்வொரு வார்த்தையும் பளிச்சென்று புரிந்தது. இடுப்பு விட்டுப்போகிறது என்கிறாள், முதுகைத் தேய்க்கச் சொல்கிறாள், பயமாக இருக்கிறது என்கிறாள். இனி வெட்கமாவது ஒன்றாவது! மகனைத் தள்ளிவிட்டு, முதுகைத் தேய்த்தபடி அவள் மொழியிலேயே சொன்னாள்:

"நான் இருக்கிற வரைக்கும் உன்மேல ஒரு துரும்புகூடப் பட விடமாட்டேன்."

மருமகள் அலறலை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். அந்த மொழியில் ஆண் பேசினால் பேச்சு ஒரு மாதிரி முடியும், பெண் பேசினால் வேறு மாதிரி முடியும். அத்தை முழுக்க முழுக்க ஆண்பிள்ளையாகப் பேசியிருந்தாள். அந்த வலியிலும் மருமகளுக்குச் சிரிப்பு பீறிட்டது.

"அத்தை, ஆம்பளை மாதிரி பேசறீங்க," என்றாள் தன் மொழியில்.

"கத்துக்குடுத்தவன் ஆம்பளைதானே," என்றாள் ரேடியோ அம்மா. எந்தத் தொடரிலும் இல்லாத, அவளே கோத்த முதல் வாக்கியம் அது.

பிரசவ அறைக்குள் கூட ஒருவர்தான் வரலாம் என்று நர்ஸ் பச்சை அங்கியை நீட்டினாள். மகன் வாங்கிக்கொண்டான். மருமகள் அவனைத் தாண்டி அத்தையின் பக்கம் கையை நீட்டி என்னவோ சொன்னாள்.

"என்னம்மா சொல்றா?" என்றான் மகன்.

"பேச்சு புரியற ஆளு கூட இருந்தா போதுமாம்," என்று சொல்லி, மகன் கையிலிருந்த அங்கியை வாங்கி மாட்டிக்கொண்டு, ரேடியோ அம்மா தலை நிமிர்ந்து உள்ளே போனாள்.