திறந்தவர்தான் அடைக்க வேண்டும்

வாத்துக் கொட்டிலைத் திறந்துவிட்டது நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. நான் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கதவைக் கண்டாலும் தாழ்ப்பாள் பிடிக்கிறதா என்று ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்காமல் என்னால் தாண்டிப் போக முடியாது. மகள் சேர்ந்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கும் கல்லூரியின் பாதுகாப்பை ஆராய அவளோடு வந்த இடத்தில், பெண்கள் விடுதியின் பின்வாசல் என்று நினைத்து இழுத்தேன். முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு என்று வேறுபாடில்லாமல் எல்லா வாத்துகளும் வெளியே வந்தன.

பஸ் நின்ற பிறகும் வயல் வழியே நடக்க வேண்டிய கால்நடைக் கல்லூரி. சாயங்காலத்துக்குள் நான் சரி என்றால் அவளுக்கு இங்கே இடம். இல்லையென்றால் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில், நான் லிஃப்ட் பார்க்கும் கல்லூரி. எனக்கும் அவள் அம்மாவுக்கும் அதுதான் பிடித்திருந்தது. கிராமத்துக் கல்லூரியில் கேட்பாரில்லாமல் பிள்ளைகள் கெட்டுப்போகும் என்று என் மச்சான் சொல்லியிருந்தான். அவன் எந்தக் கல்லூரிக்கும் போனவனில்லை. ஆனால் கெட்டுப்போனதில் அனுபவசாலி.

வார்டனம்மா ஓடி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். நீளமான ஒரு கம்பை என் கையில் கொடுத்தார்.

"திறந்தவங்கதான் அடைக்கணும் சார். இங்க அதான் சட்டம். போன வாரம் பிரின்சிபாலே சாப்பிடாம அலைஞ்சாரு."

"அது இருக்கட்டும் மேடம். இங்க பசங்களோட பழக்கவழக்கமெல்லாம் எப்படி?"

"மொதல்ல அந்தப் பக்கம் மறிங்க. குளத்துல எறங்கிட்டா அவ்ளோதான்."

சட்டைப்பையில் இருந்த போனில் என் மனைவி. கிளம்பியதிலிருந்தே லைனில்தான் இருக்கிறாள்.

"ஏங்க, என்ன சத்தம் அது? காலேஜுக்குள்ள ஆட்டமா பாட்டமா?"

"வாத்து."

"ஊத்தா? பட்டப்பகல்லயே குடிச்சிருக்கானுங்களா?"

"வாத்துடி! நான்தான் தொறந்து விட்டுட்டேன்."

"போன கையோட உங்களுக்கே இந்தக் கதின்னா, சின்னப் பொண்ணு என்ன ஆவா?"

நான் கம்பை ஆட்டிக்கொண்டு குளத்துப் பக்கம் ஓடினேன்.

அப்போதுதான் ஒரு மாணவன் வந்தான். தலைமுடியில் கொண்டை, காதில் கம்மல், மச்சான் எச்சரித்த அதே உருவம். கூடுதலாக, தோளில் துண்டு போல ஒரு வாத்து.

"அங்கிள், கம்பை ஆட்டாதீங்க. அதுங்க மிரளுது. நீங்க சும்மா நின்னாலே பெரிய உதவி."

"தம்பி, இங்க ராகிங் உண்டா?"

"உண்டு அங்கிள். அதோ, அந்த வெள்ளைதான்."

வெள்ளை வந்து என் பேன்ட்டைக் கவ்வியது.

"யாருங்க அது அங்கிள்ங்கறான்?" என்றது சட்டைப்பை.

வீட்டில் ஒரு டம்ளரை நகர்த்தச் சொன்னால் நாளைக்கு என்பவள் என் மகள். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுச் சேற்றில் இறங்கினாள். இரண்டு கையையும் விரித்து, "ம், ம், நடங்க" என்றாள். அதட்டவில்லை. அப்படியே அவள் அம்மாவின் குரல். வாத்துகள் நடந்தன. கொண்டைக்காரன் ஒரு பக்கம், வார்டனம்மா ஒரு பக்கம். வெள்ளை என் பேன்ட்டை விடாததால் நானும் கூடவே நடந்தேன். எல்லாம் உள்ளே போனதும் மகள் தாழ்ப்பாளைப் போட்டாள்.

நானும் உள்ளேதான் இருந்தேன்.

கம்பிவலை வழியாகக் கையை விட்டுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தேன். நன்றாகப் பிடித்திருந்தது.

அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முழங்கால் வரை சேறு. இத்தனை நாள் எத்தனை முறை கேட்டிருப்பேன்! 'சும்மாப்பா' என்பாள். 'கோர்ஸ் நல்லாருக்கு' என்பாள். ஒருமுறை 'காத்து நல்லாருக்கு' என்றாள். வாத்துகளுக்கு நடுவில் நின்று மறுபடியும் கேட்டேன்.

"ஏம்மா இந்தக் காலேஜ்? நெஜத்தைச் சொல்லு."

சட்டைப்பையும் மூச்சுவிடாமல் காத்திருந்தது. மகள் சிரிப்பை நிறுத்தினாள்.

"எந்தக் கதவா இருந்தாலும் எனக்கு முன்னாடி நீங்க போய் இழுத்துப் பாக்குறீங்கப்பா. ஒண்ணையாவது நானே தொறக்கணும். வாத்து வெளிய வந்தா வரட்டும், நான் அடைச்சுக்கறேன்."