அரைஞாண் ரூபாய்

வைகையில் வெள்ளம் வந்த அன்று கொடிக்காலுக்கு வெற்றிலை கிள்ளப் போன வெள்ளைத்துரை வீடு திரும்பவில்லை. ஆற்றோடு போய்விட்டான் என்று அழுதாள் மலையம்மாள். அவள் கொழுந்தன் சிவனாண்டியோ சோழவந்தான் கடைத்தெருவில் நின்று வேறு கதை சொன்னான்.

"எங்கண்ணன் திருப்பூர்ல எவகூடயோ இருக்கான். செத்தவன்னா பொணம் எங்க மதினி?"

செத்தது உறுதியாகாமல் பங்கு கிடையாது என்று, அவளையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கொடிக்கால் வரப்புக்கு வெளியே நிறுத்தினான். இரண்டு வருடம் ஓடிவிட்டது. ஓடிப்போனவன் பொண்டாட்டி என்பதே அவள் பெயராகிப்போனது.

அவளுக்கு மிச்சமிருந்தது ஒரே நம்பிக்கை, கண்ணுகளே. வெள்ளைத்துரை இடுப்பு அரைஞாண் கயிற்றில் ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்றைத் துளையிட்டுக் கோத்திருந்தான். வெற்றிலை கிள்ளக் கட்டைவிரலில் மாட்டும் இரும்பு நகத்தால், அதன் பின்பக்கம் ஒரு கொடியும் இரண்டு இலையும் கீறியிருந்தான். மகளுக்கு ஓர் இலை. குளிக்கும்போதுகூடக் கழற்றாத கயிறு அது. அந்தக் காசு ஆற்று மணலில் கிடைத்தால் பிறகு யார் வாய் திறப்பார்கள்?

தல்லாகுளத்திலிருந்து ஜெயபாண்டி வந்தான். பழைய காசு தேடி, கழுவி, வீடியோ போடுகிறவன். மெட்டல் டிடெக்டரை மணல்மேல் அசைத்துக்கொண்டே போவான். அது கீச்சிட்ட இடத்தில் தோண்டுவான். மலையம்மாள் அவனுக்குப் பதினோரு நாள் சோறு கொண்டுபோனாள். காசின் அடையாளத்தைத் தினமும் சொன்னாள்.

"கிடைச்சா உங்க கையிலதான்க்கா முதல்ல. கொழம்புல இன்னும் ரெண்டு மீன் போட்டிருக்கலாம்."

பன்னிரண்டாம் நாள் அவன் வரவில்லை. ஒரு வாரம் கழித்து வந்தவன், ஒரு காசை உள்ளங்கையில் வைத்து, ஆறு பின்னால் தெரியும்படி செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். ராஜா தலை. நேற்று வார்த்ததுபோல மின்னியது. துளை இல்லை. மலையம்மாள் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி வழவழப்பு.

"தம்பி, இதுல ஏதாச்சும் கீறல் இருந்துச்சா?"

"அசிங்கமா இருந்துச்சுக்கா. ஆசிட்ல ஊறப் போட்டு, ஓட்டைய ஆசாரிகிட்ட வெள்ளி வெச்சு அடைச்சு, மெஷின்ல பாலிஷ் போட்டேன். ஒருத்தர் இம்புட்டு சுத்தமான காசு பாத்ததில்லன்னு அட்வான்ஸே போட்டுட்டாரு."

"கழுவுறதுக்கு முந்தி எடுத்த வீடியோ இருக்கா?"

அவன் காட்டினான். கறுத்துப்போன காசு. துளையில் இற்றுப்போன கயிற்றின் நுனி. பின்பக்கம் ஒரு கொடி, இரண்டு இலை.

மலையம்மாள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். "இத எங்கொழுந்தன்கிட்ட மட்டும் காட்டு சாமி. ஊர்ப் பெரியவுக முன்னாடி ஒரு தடவ காட்டு. காசு எனக்கு வேணாம்."

"காட்டினா வீடியோ ஊர் பூரா சுத்தும்க்கா. ஓட்டைய அடைச்ச காசுன்னு தெரிஞ்சா வாங்குறவன் சும்மா விடுவானா?"

"எம்பிள்ளைக பொழப்புடா தம்பி."

"என் பொழப்பும் இதுதான்க்கா."

அவள் கை நீளுமுன் அவன் கட்டைவிரல் அழுத்திவிட்டது. வீடியோ அழிந்துபோயிற்று. டிடெக்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாரேன்க்கா என்று சொல்லித்தான் போனான்.

மலையம்மாள் அங்கேயே, கணுக்கால் அளவுத் தண்ணீரில் முகம் கழுவினாள். பொட்டு கரைந்தது. கயிற்றுத் தாலியைக் கழற்றி ஆற்றில் விட்டாள். புருஷன் போய் இரண்டு வருடம் கழித்து அவனுக்காக ஒப்பாரி வைத்து அழுதாள், தனியாக.

அன்று சாயங்காலம் அவள் வெறும் நெற்றியோடு தெருவில் வந்தபோது சிவனாண்டி டீக்கடை வாசலில் நின்றான்.

"பாத்தியளாப்பா! புருஷன் உசுரோட இருக்கான், இவ தாலிய அத்துட்டு வாரா. எவனக் கட்டிக்கிறப் போறாளோ?"

கடையே சிரித்தது.