சிந்தாத தண்ணீர்

கிபியோன் கிணற்றுக்கு எழுபத்தொன்பது படி. விடிந்ததிலிருந்து பதினொரு நடை ஏறி இறங்கிவிட்டாள் அனாள். ஏவியர் குலத்தில் பிறந்தவளுக்கு வேறென்ன பிழைப்பு? அவள் அப்பன் காலத்து ஆட்கள் பூசணம் பிடித்த ரொட்டியையும் பிய்ந்த செருப்பையும் காட்டி, தூர தேசத்தார் என்று நடித்து, அக்கம்பக்கத்து ஊர்களை அழித்துக்கொண்டு வந்த இஸ்ரவேலரிடம் உயிர்ப்பிச்சை வாங்கினார்கள். மூன்றே நாளில் குட்டு உடைந்தது. சாமி பேரில் சத்தியம் பண்ணியாகிவிட்டதே, கொல்ல முடியவில்லை. பலிபீடத்துக்கு விறகு வெட்டு, தண்ணீர் சும என்று விட்டுவிட்டார்கள்.

அந்த விறகு வெட்டப் போய்த்தான் அவள் புருஷன் தீசோன் நேற்று மரம் விழுந்து கால் நசுங்கிக் கிடக்கிறான். உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. வாய் திறந்தால் தண்ணீர், தண்ணீர் என்றுதான் கேட்கிறான். பன்னிரண்டாம் நடையில் குடத்தோடு அவனுக்காக ஒரு சின்னக் கலயமும் மொண்டு வந்தாள். மழை பொய்த்த வருஷமாம், பலிபீடத்துத் தொட்டி நிரம்புமுன் யாருக்கும் ஒரு சொட்டுக் கிடையாதாம். இஸ்ரவேலக் கண்காணி மல்லூக் கலயத்தைப் பிடுங்கி மண்ணில் கவிழ்த்தான்.

"திருட்டுப் புத்தி எங்க போகும்? பூசண ரொட்டிக் கூட்டம்தானே!"

அனாளுக்கு உச்சி முதல் பாதம் வரை பற்றி எரிந்தது. குடத்தை நடுவழியில் இறக்கி வைத்தாள். பலிக்கு ஆடு ஓட்டி வந்த சனம் நின்றுவிட்டது.

"ஆமாய்யா, பூசண ரொட்டிதான். அத வாங்கி ருசி பார்த்தது யாரு? உங்க பெரிய மனுசங்க! சாமிகிட்ட ஒரு வார்த்த கேக்காம சத்தியம் பண்ணிட்டு, இன்னும் எங்களையா ஏசுறீங்க?"

"வாய மூடு. குடத்த எடு."

"மாட்டேன். ஏவியர உசிரோட விடுவோம்னுதான சத்தியம்? என் புருசன் தாகத்துல செத்தா, அந்தச் சத்தியத்த ஒடச்சது யாரு? சொல்லுங்க!"

ஆட்டுக் கயிற்றைப் பிடித்திருந்த ஒருவர் பதறிப்போனார். "அடப்பாவி மல்லூக், ஏற்கனவே மழ இல்லாமக் கெடக்கு. சத்தியத்த ஒடச்சு எங்களையும் சேத்துக் கெடுக்காத!"

மல்லூக்கின் முகம் தொங்கிப்போயிற்று. "சரி சரி, மொண்டுட்டுப் போ."

"நீங்க கவுத்தது. நீங்களே எறங்குங்க."

கூட்டம் அவனையே பார்த்தது. எழுபத்தொன்பது படி இறங்கி, எழுபத்தொன்பது படி ஏறி, மூச்சு வாங்கக் கலயத்தோடு வந்தான். அனாள் வாங்கிக்கொள்ளவில்லை. வீட்டைப் பார்த்து முன்னே நடந்தாள்.

"சிந்தாம வாங்கய்யா," என்றாள், திரும்பாமலே. "பன்னெண்டு வருசமா நான் ஒரு சொட்டு சிந்துனதில்ல."