உப்பு பங்களாவின் கதவு நிலை

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மரக்காணத்தைத் தொடுவதற்கு முன்னால், பழுப்பு நிறப் போர்டு ஒன்று புதிதாக முளைத்திருந்தது. ‘பழைய உப்பு பங்களா, பாரம்பரியச் சின்னம்’ என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்தார்கள். மெஹரூன்னிசாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறந்து வளர்ந்த வீட்டுக்கு அவளுக்கே வழி காட்டுகிறார்களாம்!

வீடு என்றால் பங்களா முழுதும் இல்லை. அவள் அத்தா அங்கே வாட்ச்மேன். பின்பக்கத்து ஒற்றை அறைக்குள்தான் அத்தா, அம்மா, அவள், தம்பி தாஹா நாலு பேரும். ஜன்னலைத் திறந்தால் உப்பளம் கண்ணைக் கூசவைக்கும். கல்யாணமாகிக் கிளியனூர் போனவள், அத்தா ரிட்டையர் ஆனபிறகு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இப்போது வந்ததும் ஒரு கதவு நிலைக்காகத்தான். ஹஜ்ஜுப் பெருநாள் தோறும் தொழுகை முடிந்து வந்ததும், அத்தா பிள்ளைகள் இருவரையும் புதுத்துணியோடு அந்த நிலையில் முதுகு ஒட்ட நிற்கவைத்து, தலைக்கு மேலே கத்தியால் ஒரு கீறல் போடுவார். இடப்பக்கம் அவள், வலப்பக்கம் தாஹா. அக்காவைத் தாண்டிக் காட்டுவதே அந்தப் பயலின் லட்சியம். மீசை முளைத்தும் தாண்டவில்லை. ஒருவழியாகத் தாண்டினான், அடுத்த மாதமே சவூதிக்குப் பறந்தான். தம்மாமில் ஒரு லாரி மோதியது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். மற்றவர்களுக்குப் போய் நிற்க ஒரு கபருஸ்தான் இருக்கிறது. அவளுக்குத் தம்பி என்று தொட்டுப் பார்க்க மிச்சமிருந்தவை அந்தக் கீறல்கள்தான். பங்களாவைப் புதுப்பிக்கிறோம் என்று அவற்றையும் இழைத்துத் தள்ளியிருப்பார்களோ என்று வழியெல்லாம் பயந்துகொண்டே வந்தாள்.

கணவர் பஷீர் அஹமது டி.வி.எஸ்ஸை வேப்பமரத்தடியில் நிறுத்தினார். துணிக்கடைக்காரர். அளவில் ஒரு விரல்கடை ஏமாற்றமாட்டார். பொய் என்றாலே அவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

கைடு வேலைக்கு வந்திருந்த செந்தமிழ் என்ற இளைஞன் மைக்கை மாட்டிக்கொண்டு ஓடி வந்தான். “வாங்கம்மா, வாங்க சார். பாத்து, இந்தப் படி கொஞ்சம் ஒசரம்.”

அது எவ்வளவு உயரம் என்று அவள் முழங்காலைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். விழுந்த தழும்பு இன்னும் இருக்கிறது.

பின் அறைக்குள் அடுப்பங்கரை இல்லை, தூளி கட்டிய கொக்கி இல்லை. எங்கும் வெள்ளை வெளேர்.

“இங்க வாட்ச்மேன் குடும்பம் இருந்திருக்காங்க சார். கரி, ஆணி, கிறுக்கல்னு ஒரே நாஸ்தி பண்ணி வெச்சிருந்தாங்க. வெள்ளைக்காரன் காலத்து ஒரிஜினலத் தவிர எல்லாத்தையும் எடுத்துடச் சொல்லிட்டாங்க. இழைச்சு, பெயின்ட் அடிச்சாச்சு.”

மெஹரூன்னிசாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் அம்மா நாலு பேருக்கு ஆக்கிப் போட்ட புகை இவனுக்கு நாஸ்தியா?

“ஆனா இதப் பாருங்க,” என்று ஸ்விட்சைத் தட்டினான்.

கதவு நிலைக்குக் கண்ணாடி போட்டு, மேலே விளக்கு வைத்திருந்தார்கள். கீறல்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. பக்கத்தில் பித்தளைத் தகடு: ‘உப்பு அளவுக் குறியீடுகள், ஆங்கிலேயர் காலம்.’

“இந்த ரூம்ல உப்பு கொட்டி வைப்பாங்களாம். எவ்ளோ ஒசரம் ஏறுதோ, அங்க கோடு. லெஃப்ட்ல ஃபர்ஸ்ட் குவாலிட்டி, ரைட்ல செகண்ட் குவாலிட்டி.”

தாஹா கேட்டிருந்தால் குதியோ குதி என்று குதித்திருப்பான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின.

பஷீர் காதோரம் குனிந்தார். “மெஹரு, உங்க அத்தா போட்டதுன்னு சொல்வியே, அதானே இது? தப்பா எழுதி வெச்சிருக்கானுங்க. சொல்லிடலாம்.”

“சொன்னா இழைச்சுடுவாங்க.”

“அதுக்காக ஸ்கூல் புள்ளைங்க வந்து பொய்யப் படிச்சுட்டுப் போகணுமா?”

மனுஷன் நியாயமாகப் பேசுகிறாரே என்பதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அதற்குள் அவர் தொண்டையைச் செருமிவிட்டார்.

“தம்பி, இவங்க இங்கயே பொறந்து வளந்தவங்க.”

செந்தமிழுக்கு முகமெல்லாம் பல். “அப்படிங்களா! அப்ப நீங்கதாம்மா கரெக்டா சொல்லணும். இது உப்பளந்த கோடுதானே?”

அவள் வலப்பக்கத்து மேல்கோட்டைப் பார்த்தாள். அத்தா அன்றைக்குச் சந்தோஷத்தில் கொஞ்சம் ஆழமாகவே கீறியிருந்தார். அதற்கு மேல் அவன் வளரவேயில்லை.

“ஆமாம்பா,” என்றாள். “உப்பளந்ததுதான்.”

பஷீர் திரும்பிப் பார்த்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஆனா ஒண்ணு தம்பி. நீ மாத்திச் சொல்ற. ரைட்ல இருக்குறதுதான் ஃபர்ஸ்ட் குவாலிட்டி.”

“அய்யய்யோ, சாரிம்மா. இனிமே கரெக்டா சொல்லிடறேன்.” அவன் வாசலில் வந்து நின்ற வேன் ஆட்களை வரவேற்க ஓடினான்.

அறையில் இருவரும்தான். பஷீர் திட்டப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். கண்ணாடிக்கு முன்னால் நின்று, மச்சானுக்காக இரண்டு கைகளையும் ஏந்தித் துஆ கேட்க ஆரம்பித்தார்.

மெஹரூன்னிசா முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஆமீன் சொன்னாள்.