பம்புக்கு ஓய்வு கொடுத்த திஹோமிர்

கவுன்சிலர் ராதிசாவ் எங்கள் பாலர் பள்ளிக்கு வந்தால் முதலில் குழந்தைகளைப் பார்க்க மாட்டார். நேரே போய், சுவரோரம் சூடு தரும் ரேடியேட்டரில் உள்ளங்கையை வைப்பார். கை சுட்டால்தான் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். நிலக்கரி பாய்லர் இருந்த காலத்தில் மொராவா ஆற்றங்கரையில் எல்லோருமே அப்படித்தான் பழகியிருந்தோம், பள்ளியை நடத்தும் நானும்தான். போன அக்டோபரில் நகராட்சி பணம் கொடுத்து, பாய்லரைப் பிடுங்கிவிட்டு மின்சாரத்தில் ஓடும் ஹீட் பம்ப் வைத்தது. இதில் ரேடியேட்டர் சுடாது. வெதுவெதுப்பாக இருந்துகொண்டே ராப்பகலாக அறையைச் சூடாக்கும்; நிறுத்தினால் மறுபடி சூடேற ஒரு நாளாகும். பொருத்த வந்த பொறியாளர் இதை மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் தலையாட்டினோம்.

கடுங்குளிர் பிடித்த ஜனவரியில் தொடர்ந்து நான்கு திங்கட்கிழமை பள்ளி குளிர்ந்து கிடந்தது. குழந்தைகள் கம்பளிக் குல்லாவோடு காலை உணவு சாப்பிட்டார்கள். அதில் ராதிசாவின் பேத்தியும் ஒருத்தி. அது போதாதா அவருக்கு? நகராட்சி அதுவரை பாதிப் பணம்தான் கொடுத்திருந்தது. மீதியைத் தரக்கூடாது, பம்பைக் கழற்ற வேண்டும், பள்ளியை மூடி நாற்பத்தொரு குழந்தைகளையும் பஸ்ஸில் பக்கத்து நகரத்துக்கு அனுப்ப வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். பழைய பாய்லரைத் திரும்ப வைக்கலாம் என்றால் அது எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. மூன்று வயதுப் பிள்ளைகள் பனியில் நாற்பது நிமிடம் பஸ்ஸில் போக வேண்டியிருக்கும்.

தீர்மானத்துக்கான நகராட்சிக் கூட்டம் திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளியைப் பூட்டப் போனபோது பாய்லர் அறையில் விளக்கு எரிந்தது. உள்ளே திஹோமிர். இருபத்திரண்டு வருஷம் இந்தக் கட்டடத்துக்கு நிலக்கரி அள்ளிப் போட்டவர், இப்போது பம்பைப் பார்த்துக்கொள்கிறார். அதன் சுவிட்சை அணைத்துவிட்டு, பெட்டியின் மேல் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணே பண்றீங்க?"

"படுக்க வைக்கிறேன் டீச்சர். வாரம் பூரா ஓடியிருக்கு, பாவம். திங்கக்கிழமை காலையில நாலு மணிக்கெல்லாம் வந்து எழுப்பிடுவேன்."

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இப்படித்தானா?"

"பின்னே? அடுப்ப அணைக்காம என்னைக்காவது வீட்டுக்குப் போயிருக்கேனா நான்?"

"நாலு வாரமா ஊரே என்னை வறுத்தெடுக்குது. நீங்க இங்க உக்காந்து இதுக்குத் தாலாட்டுப் பாடிக்கிட்டிருக்கீங்க."

அவர் முகம் விழுந்துவிட்டது. "ஓயாம ஓடுற மெஷின எங்க டீச்சர் பாத்திருக்கோம்? எரிஞ்சு போயிடும்னு பயந்தேன்."

அதற்கு மேல் திட்ட எனக்கு வாய் வரவில்லை. தலையாட்டியவர்களில் நானும் ஒருத்தி. சுவிட்சைப் போட்டேன்.

"இனிமே இதுல கை வச்சீங்க, கைய ஒடிச்சிடுவேன்."

"கம்பளி?"

"அதையும் எடுங்க."

மறுநாள் நகராட்சித் தலைவருக்குப் போன் செய்து, கூட்டத்தைப் பள்ளியிலேயே நடத்துங்கள் என்றேன். "நல்லதாப் போச்சு, இங்க எங்க மண்டபத்துல மூக்கு உறைஞ்சு போகுது" என்றார். தைரியமாகக் கேட்டுவிட்டேனே தவிர, இரண்டு நாளும் சோறு தண்ணி இறங்கவில்லை. பொறியாளர் சொன்னது பொய்யாக இருந்தால் என் கதை முடிந்தது.

திங்கட்கிழமை ஒன்பது கவுன்சிலர்களும் வந்தார்கள். எங்களிடம் இருப்பது குழந்தைகளின் நாற்காலிகள்தான். முழங்கால் மோவாயில் இடிக்க வரிசையாக உட்கார்ந்தார்கள். நகராட்சி மண்டபத்துப் பழக்கத்தில் யாரும் கோட்டைக் கழற்றவில்லை. ராதிசாவ் மட்டும் உட்காராமல் நேரே ரேடியேட்டரிடம் போனார்.

"பாத்தீங்களா? உயிரே இல்ல. செத்த கோழி மாதிரி இருக்கு."

சுவரில் வெப்பமானி இருபத்திரண்டு காட்டியது. அதைச் சுட்டிக் காட்டினேன். "அத நீங்க ஊதி வச்சிருப்பீங்க" என்றார்.

பிறகு பேச ஆரம்பித்தார். அவர் பேச ஆரம்பித்தால் காபி ஆறிப்போகும், இறைச்சி வைத்துச் சுட்ட பூரெக் பலகாரம் காய்ந்துபோகும். பத்து நிமிடத்தில் தலைவர் கோட்டைக் கழற்றி மடியில் வைத்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் கழற்றினார்கள். ராதிசாவ் நிலக்கரியின் பெருமையைச் சொல்லும்போது கழுத்துத் துண்டை அவிழ்த்தார். வரிப்பணம் பாழாவதைச் சொல்லும்போது ஆட்டுத்தோல் கோட்டைக் கழற்றினார். "பச்சப் புள்ளைங்க குளிர்ல சாகணுமா?" என்று கேட்டபோது அவர் தலை ஸ்வெட்டருக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

வெளியே வந்த தலை கேட்டது: "சரி, அப்ப நாலு திங்கக்கிழமை ஏன் குளிர்ந்துச்சு? அதுக்குப் பதில் சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் கதவோரம் நின்ற திஹோமிர் தொப்பியைக் கழற்றினார்.

"நான்தான். சனி ஞாயிறு ஓய்வெடுக்கட்டும்னு அணைச்சு வச்சேன். டீச்சர் மேல தப்பில்ல."

"இப்ப?"

"வெள்ளிக்கிழமையிலருந்து தூங்காம ஓடிக்கிட்டிருக்கு."

ராதிசாவ் நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்தார். சட்டைக் கையை முழங்கை வரை மடித்தார். பிறகு, யோசிக்காமலே சொன்னார்:

"அந்த ஜன்னலக் கொஞ்சம் தெறங்கப்பா."

எல்லோரும் அவரையே திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது ஜன்னல் திறக்க மாட்டோம். கழுத்துப் பிடிப்பிலிருந்து பல்வலி வரை எல்லாமே குறுக்குக் காற்றால் வருவதுதான். இந்த ராதிசாவ் ஜூலை மாத வெயிலிலேயே பஸ் ஜன்னலை மூடச் சொல்லிச் சண்டை போடுகிறவர். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்து, காது மடல் சிவந்து, சின்ன நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

திஹோமிர் முதலில் கதவைச் சாத்தினார், அப்புறம்தான் ஜன்னலைத் திறந்தார்.

"மீதிப் பணத்தைக் கொடுக்கிறதுக்கு ஆதரவா இருக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் தலைவர். எட்டுக் கைகள் எழுந்தன. ஒன்பதாவது கை மெதுவாக எழுந்தது, சட்டை மடித்த கை. சமையலறைக்குப் போய் ஏப்ரனில் முகத்தைப் புதைத்து அழுதேன், நன்றாக இருந்தது. பக்கத்து அறையில் நாற்பத்தொரு பேரும் குல்லா இல்லாமல் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள்.